மரக்காதுக்குச் சொந்தக்காரர்

ஹெட்போனைத் திருடியவனின் காதை அறுக்க வேண்டும் என்று அறிவரசன் சொன்னபோது, பிரேம்குமார் தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். திருடியது அவன் இல்லை. ஆனால் அறிவரசன் சொன்ன தோரணையில், ஒரு காது கிடைத்தால் போதும், யாருடையது என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் இருந்தது.

"ஒரு காதா, ரெண்டுமாங்க?" என்று கேட்டான்.

"யாரு இவன்?" என்றார் அறிவரசன்.

"என் அசிஸ்டென்ட்," என்றாள் கமலவேணி. "வாய் அவனுது. அதுக்கு வர்ற அடி மட்டும் எனக்கு."

கமலவேணி பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்தி வந்தாள். ஊரில் குற்றம் நடக்காமல் இல்லை. நடப்பதற்கு முன்பே யார் செய்யப்போகிறார்கள் என்று தெருவுக்குத் தெரிந்துவிடுவதால் துப்பறிய ஆள் தேவைப்படுவதில்லை. ஆகவே மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எங்கே விழுவார் என்று விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. பிரேம்குமார் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரி அவனை விட்டுவிட்டாலும் அரியர் விடவில்லை. வாடிக்கையாளர் எதிரில் அவளை 'மேடம்' என்பான். மற்ற நேரத்தில் 'அக்கா'.

2006 ஆவணியில் அவர்களைக் கூப்பிட்டு அனுப்பிய அறிவரசன், 'அறிவுச்சுடர் ஒலி ஒளி அமைப்பகம்' உரிமையாளர். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடும்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் அமாவாசை. கூட்டம் போட்டு அதை மாற்றிக்கொண்டார். மாவட்டத்திலேயே கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டாத ஒரே மைக் செட்காரர் என்பதால் ஆடி மாதம் முழுவதும் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வில் மற்றவர்கள் கட்டிய மைக் செட்டைத் திட்டுவார். வருகிற ஞாயிறு, அவர் தலைமையில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு.

"சிங்கப்பூர்லேர்ந்து வரவழைச்சது," என்றார். "காத முழுசா மூடுற மாதிரி, மரத்துல கடைஞ்ச கிண்ணம். வால்நட்டு மரம். சும்மா பாட்டுக் கேக்க மட்டும் வச்சிருந்தேன். ஒரு மீட்டிங்குக்குக்கூட எடுத்துட்டுப் போனதில்ல. வைகாசியில பீரோவத் தெறந்தா இல்ல. இப்ப அரியலூர்ல உத்திராபதி கடையில தொங்குதுன்னு ஆளுங்க வந்து சொல்றாங்க."

உத்திராபதி அவரிடம் தொழில் கற்றவன். சித்திரையில் சண்டை போட்டுக்கொண்டு போய் அரியலூரில் சொந்தமாகப் பாட்டு ரெக்கார்டிங் கடை வைத்தான். ஒரு தடவை துணிமணி எடுக்க வந்தவன், அதோடு ஹெட்போனையும் எடுத்துப் போய்விட்டான் என்பது அறிவரசன் கட்சி.

"பீரோப் பூட்ட ஒடச்சிருந்தானா?" என்று கேட்டாள் கமலவேணி.

"இல்ல."

"வேற எதாச்சும் போயிருக்கா?"

"இல்ல. அவனுக்கு அதுதான் வேணும், அத எடுத்துட்டான். நாளைக்கு அவன் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரண வருது. சிங்கப்பூர் போறானாம், சவுண்டு வேலைக்கு. இன்னைக்கு சாயங்காலம் தோழர்கள் வராங்க, சேந்து போயி ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் கொடுக்கப்போறோம். கேஸு ஒண்ணு விழுந்துதுன்னா அவன் அரியலூர் தாண்ட முடியாது. அவன்கிட்ட இருக்கறது என்னுதுதான்னு நீங்க நிரூபிக்கணும். அவ்வளவுதான் வேல."

அவர் மனைவி புவனேஸ்வரி காபி கொண்டுவந்தார். கணவருக்கு இடப்பக்கம்தான் நின்றார், ஆனால் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, "சக்கர கம்மியாப் போட்டிருக்கு," என்றார். பிறகு மற்ற இருவர் முன்னாலும் டம்ளரை வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காபி பாதி தட்டில் இருந்தது.

"நம்மள புடிக்கலபோலக்கா," என்றான் பிரேம்குமார் தெருவில் இறங்கியதும்.

"நம்ம மூஞ்சிய இப்பத்தான் பாக்குறா. அதுக்குள்ள புடிக்காமப் போவ காரணம் இருக்கணும்ல."

"என்னயப் பாத்த உடனே புடிக்காமப் போறவங்க நெறய பேரு இருக்காங்கக்கா."

"அது வேற. வா, பஸ்ஸு கெளம்புது."

*

அரியலூர் ஒருமுறை மாவட்டமாகி, பின் மாவட்டம் இல்லாமலாகி, மறுபடி ஆக்குவார்களா மாட்டார்களா என்று பெரம்பலூரை முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரம்பலூர்க்காரன் என்று தெரிந்தால் டீக்கடையில் சர்க்கரை குறையும். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதியில் இருவரும் இறங்கி நடந்தபோது, பிரேம்குமாரின் கறுப்புச் சட்டை பாதி விலைக்கு வாங்கியதுபோல் ஆகிவிட்டது.

உத்திராபதியின் கடை தேரடிப் பக்கம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர், சுவரெல்லாம் சிடி. நடுவில் ஓர் ஆணியில், வேறெதுவும் பக்கத்தில் வராதபடி, அது தொங்கியது. கரும்பழுப்பு மரத்தில் இரண்டு கிண்ணம், உள்ளே கறுப்புத் தோல் மெத்தை, பாம்பு தடிமனில் ஒயர்.

"விக்கிறதுக்கு இல்ல," என்றான் உத்திராபதி, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே. ஒல்லியான ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணில் தூக்கம் இல்லை.

"வாங்க வரல," என்றான் பிரேம்குமார். "சிங்கப்பூர்லேர்ந்து மாமா வராரு. அதே மாதிரி ஒண்ணு கொண்டாரச் சொல்லணும். எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு கேட்டுக்கலாம்னு வந்தோம்."

"என்ன பாட்டுக் கேப்பீங்க?"

"எல்லாப் பாட்டும்."

"அப்ப பிளாஸ்டிக்கே போதும். போங்க."

பிரேம்குமார் போகவில்லை. அவமானப்பட்டு வெளியே போகும் பழக்கத்தை அவன் முதல் செமஸ்டரிலேயே விட்டுவிட்டான். "எங்க ஊர்ல மரம் கெடந்தா கல்லாயிடும்ங்க. சாத்தனூர்ல பாத்திருப்பீங்க, மரமே கல்லாக் கெடக்கும். பாட்டுப் பாடற மரத்தப் பாத்ததில்ல. சொல்லுங்க, கத்துக்கறேன்."

தொழிலைப் பற்றிக் கேட்டால் பகைவனுக்கும் பதில் சொல்லிவிடுகிற ஜாதி உத்திராபதி. எரிந்துகொண்டேதான் சொன்னான்.

"மரத்துல எடுக்கறவன் பளபளப்பப் பாத்து எடுக்கக் கூடாது. வார்னிஷ கனமா அடிச்சிருந்தா மரம் உள்ளயே செத்துப் போயிடும். நகத்தால சுண்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா வேணாம், பாட்டப் பாட வுடாம அதுவே பாடும். டொக்குன்னு அடங்கணும். கிண்ணம் காதச் சுத்தி உக்காரணும், காது மேல உக்காந்தா வலிக்கும். நல்லாத் தெரிஞ்ச பாட்டாப் போட்டுப் பாக்கணும். புதுப் பாட்டப் போட்டா நல்லாருக்கறது பாட்டா செட்டான்னு தெரியாது. ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு உக்காரணும். கடையில கொஞ்ச நேரம் பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும், பொண்ணு பாக்கப் போறாப்புல."

"ஒருக்கா மாட்டிப் பாக்கலாமா?"

"தலையில எண்ண வச்சிருக்கீங்களா?"

"எண்ண வாங்கவே வசதியில்லீங்க."

உத்திராபதி இரண்டு கையாலும் எடுத்து, மனசில்லாமல் கொடுத்தான். ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டான். பிரேம்குமாருக்கு நாதஸ்வரம் என்றால் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எழுந்திருக்கச் சொல்லும் சத்தம். இப்போதோ, முதல் சுரம் வருவதற்கு முன், வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. தவில்காரர் மோதிர விரலைத் தோலில் ஓரமாக வைத்து எடுத்தது கேட்டது. தேரடியும் லாரியும் அரியலூரும் எங்கோ போய்விட்டன. காதை அறுக்கும் அளவுக்கு ஒருவருக்கு இது ஏன் தேவைப்படும் என்று அவனுக்குப் புரிந்தது. கொஞ்சம் நியாயமாகக்கூடப் பட்டது.

சடக்கென்று எல்லாம் நின்றது. கமலவேணி அவன் தலையிலிருந்து அதைக் கழற்றி, மூக்கருகே வைத்திருந்தாள்.

"அது காதுல மாட்டறதுங்க," என்றான் உத்திராபதி.

"தெரியும். சிங்கப்பூர்லேர்ந்து எப்ப வந்துச்சு?"

"ஆடி கடைசியில. எங்க மச்சான் கொண்டாந்தாரு. ஏன்?"

"வெளக்கெண்ண வாசன வருது. இந்த மரமும் வளையமும் சேர்ற எடத்துல செவப்பா, மஞ்சளா ஒரு கோடு ஓடுது பாருங்க. என்ன அது?"

உத்திராபதி பார்க்கவில்லை. "பொட்டு வச்சது. கடைன்னா ஆயுத பூஜைக்கு வைக்க மாட்டாங்களா?"

"வைப்பாங்க. எந்த ஆயுத பூஜைக்கு?"

இது ஆவணி, புரட்டாசி இன்னும் பிறக்கவே இல்லை, ஆடியில் வந்திறங்கிய பொருள் ஓர் ஆயுத பூஜையைக்கூடக் கண்டிருக்க முடியாது என்பது மூவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. உத்திராபதிக்குத்தான் அதிகம் உறைத்தது.

"யாரு நீங்க?" என்றான். பிறகு அவனே, "பெரம்பலூர்லேர்ந்து வரீங்களா? அவரு அனுப்புனாரா?"

"ஆமா. சாயங்காலம் கம்ப்ளைண்ட் கொடுக்கப்போறாரு. நாளைக்கு உங்க பாஸ்போர்ட் விசாரண. திருடலன்னா எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிடுங்க, நானே பேசறேன்."

"சொல்ல மாட்டேன்."

"சிங்கப்பூர் போவ முடியாது."

"போவல. இந்தப் புழுதியத் தின்னுக்கிட்டு இங்கயே கெடக்கறேன். அவருகிட்ட போயிச் சொல்லுங்க, காத வேணும்னா அறுத்துக்கட்டும், வாயத் தெறக்க மாட்டேன்னு." ஹெட்போனை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினான். "கடைய விட்டு எறங்குங்க. உங்க மாமா வந்தா பிளாஸ்டிக்கே வாங்கியாரச் சொல்லுங்க."

*

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பிரேம்குமார் தீர்ப்பு எழுதிவிட்டான். "இவன்தாங்க்கா. பொய் சொல்லி மாட்டிக்கிட்டான்."

"திருடுனவன் என்ன சொல்லுவான்?"

"திருடலம்பான்."

"இவன் அதச் சொன்னானா? 'சொல்ல மாட்டேன்'னான். தன்னக் காப்பாத்திக்கறவன் தெரியாதும்பான். அடுத்தவங்களக் காப்பாத்தறவன்தான் சொல்ல மாட்டேம்பான்." கமலவேணி டீயை ஆற்றினாள். "அந்தத் தோல் மெத்தைக்கு அடியில ஒண்ணு சொருவிக்கிட்டு இருந்துச்சு. நீ கண்ண மூடிக்கிட்டு மேலோகம் போயிருந்த. வேப்பல. மஞ்சள், குங்குமம், வேப்பல, வெளக்கெண்ண. எங்க எல்லாம் ஒண்ணா இருக்கும்?"

"அம்மன் கோயில்ல."

"அந்த மரக்காது ஒரு அம்மனுக்கு முன்னால போயி உக்காந்துட்டு வந்திருக்கு. பூட்டு ஒடையாத பீரோவுலேர்ந்து எடுத்துட்டுப் போயி உக்கார வச்சது யாரு?"

பிரேம்குமாருக்குத் தட்டில் கொட்டியிருந்த காபி ஞாபகம் வந்தது.

"சாவி வச்சிருக்கறவங்க," என்றான்.

"டீயக் குடி."

"குடிக்க முடியலக்கா. பெரம்பலூர்னு கண்டுபுடிச்சுட்டான்."

*

அறிவரசன் தோழர்களை அழைத்துவரப் போயிருந்தார். புவனேஸ்வரி பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"உள்ள வாங்கன்னு நான் சொல்லலியே."

"நாங்க வெளியவே நிக்கறோம்," என்றாள் கமலவேணி. "எந்தக் கோயிலுங்க? சிறுவாச்சூரா?"

கீரை உருவிய விரல்கள் நின்றன. வந்தது பதிலாக இல்லை, வசவாக இருந்தது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் போனா பாதிப் பெரம்பலூரும் அங்கதான் நிக்கும். நான் போயி நின்னா அன்னைக்கே ஊர் சிரிச்சிருக்கும். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பின்னால சின்னதா ஒரு செல்லியம்மா இருக்கு. அங்க என்னைய யாருக்கும் தெரியாது."

"காதுக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க? அவருக்கு எடது காது கேக்கல. நீங்க காபி கொடுக்கறப்ப சுத்திக்கிட்டுப் போயி வலது பக்கமாப் பேசுனீங்க."

"போன வருஷமே போயிடுச்சு. காலம்பூரா ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னா இருக்குமா? டாக்டர்ட்ட வாங்கன்னா எனக்கு என்ன கேடுன்னு கத்தறாரு. அத நான் தெருமுனையில நின்னு கேக்கலாம், அவ்ளோ கத்தறாரு." கீரைக்காம்பை வீசினார். "காது சரியாவணும்னா காது உருவம் வாங்கி வைக்கறதா வேண்டிக்கிட்டேன். வெள்ளியில செஞ்சு தருவாங்க, கண்ணு, காது, கை, காலுன்னு. வாங்கலாம்னு போனா வெள்ளி வேல செய்யற பத்தர் இவரோட சிநேகிதரு, மாநாட்டுக்கு வரவேற்புக் குழு. திரும்பி வந்துட்டேன். வூட்டுல காது மாதிரி வேற என்ன இருக்கு? பீரோவத் தெறந்தேன். ரெண்டு காது, மரத்துல. செல்லியம்மாளுக்கு வெள்ளி என்ன, மரம் என்ன."

பிரேம்குமார் சிரிக்காமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த ஓணானைப் பார்த்தான்.

"பூசாரி பொட்டு வச்சு அம்மா காலடியில வச்சாரு. நேந்துகிட்ட சாமானையெல்லாம் ஆடித் திருவிழாவுல ஏலம் வுடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அது உத்திராபதியோட குலதெய்வம்னும் தெரியாது. ஏலத்துல இதப் பாத்துருக்கான், பாத்த ஒடனே வெளங்கிடுச்சு. யாரோ ஒருத்தன் கையில போயிடக் கூடாதுன்னு எடுத்தான். கொண்டாந்து கொடுத்தான், நான்தான் வாங்க மாட்டேன்னுட்டேன். சாமிக்குக் கொடுத்தத திருப்பி வூட்டுக்குள்ள வைக்கலாமா? நீயே வச்சுக்க, யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அந்தச் சத்தியத்துக்கு இப்ப அவன் சிங்கப்பூரு போவுது," என்றாள் கமலவேணி.

"தெரியும். சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லிடப் போறேன். அவன் இந்த வூட்டுல சாப்புட்டு வளந்தவன்." இப்போதுதான் அவர் குரல் இறங்கியது. "சொன்னா இவரு மேடையில ஏற முடியாது. மனுசன் சோறு தண்ணி இல்லாமக்கூட இருந்துடுவாரு, மேட இல்லாம இருக்க மாட்டாரு."

"காது சரியாயிடுச்சாங்க?" என்று கேட்டான் பிரேம்குமார்.

புவனேஸ்வரி அவனை, கீரையில் கண்ட புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பலிச்ச பொறவுதான் வைக்கணுமாம். நான் முன்னாடியே வச்சுட்டேன்."

"ஸ்டேஷனுக்குப் போவாதீங்க," என்றாள் கமலவேணி. "எல்லாருக்கும் காபி மட்டும் போடுங்க." தெருவுக்கு வந்து செல்போனை எடுத்தாள். "உத்திராபதி? அத எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வாங்க. நீங்க வாயத் தெறக்க வேணாம். அங்க வந்து நில்லுங்க, போதும்."

*

கடையில் தோழர்கள் நாலைந்து பேர் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவர் பெயர் ஆண்டவர். பெயரை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருந்தார், அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. கம்ப்ளைண்ட் எழுதிய தாள் மேஜையில், பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

உத்திராபதி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"வாடா சிங்கப்பூரு," என்றார் அறிவரசன்.

"கூப்புட்டாங்க, வந்தேன்."

"எங்க கத்துக்கிட்ட தொழில்ரா? எவன் சோத்தத் தின்னுட்டு எவன் பீரோவுல கைய வச்ச?"

உள்வாசலில் புவனேஸ்வரி காபித் தட்டோடு வந்து நின்றிருந்தார். உத்திராபதி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

கமலவேணி அவன் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மேஜையில் டியூப்லைட்டுக்கு நேராக வைத்தாள். அறிவரசனின் கை தானாக நீண்டு, விளிம்பை ஒருமுறை தடவியது. அது போதும் என்று பிரேம்குமாருக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தொட மாட்டார்கள்.

"என்னுதுதான்," என்றார்.

"சரி," என்றாள் கமலவேணி. "கம்ப்ளைண்ட்ல அடையாளம் எழுதணும்ங்க. ஸ்டேஷன்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கங்க. வளையத்த ஒட்டி மஞ்சளும் குங்குமமும்."

பேனா நின்றது. தோழர்கள் நாற்காலியை முன்னால் இழுத்தார்கள்.

"மெத்தைக்கு அடியில வேப்பல. மரம் பூரா வெளக்கெண்ண வாசன. எழுதிட்டீங்களா? கீழ உங்க கையெழுத்து."

"இது அவன் பண்ண வேல," என்றார் ஆண்டவர். "திருடிட்டுப் போயி பூஜ போட்டிருக்கான் தோழர்."

"இருக்கலாங்க. அதையும் போலீஸ் விசாரிச்சுடும்," என்றாள் கமலவேணி. "எந்தக் கோயிலு, எந்தப் பூசாரி, யாரு கொண்டாந்து கொடுத்தது, எல்லாம். பூசாரி சாட்சிக்கு வருவாரு. ஆளப் பாத்தாச் சொல்லிடுவாராம். வரவங்களே கம்மியான கோயிலு."

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அறிவரசன் குங்குமக் கோட்டைப் பார்த்தார். பிறகு பீரோ இருக்கும் திசையைப் பார்த்தார். அந்தத் திசையில்தான் புவனேஸ்வரி நின்றார். தட்டில் டம்ளர்கள் மெல்ல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அறிவரசனுக்கு அந்தச் சத்தம் எட்டியிருக்காது. ஆனால் தட்டு ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"ரெண்டுல ஒண்ணுங்க," என்றாள் கமலவேணி. "இது உங்களுதுன்னா, மஞ்சள் குங்குமத்தோட உங்களுது. ஊர் கேக்கும், கோர்ட் கேக்கும். இல்ல, வேற யாரோ பக்திமானோட பொருள்னா, இந்தப் பேப்பருக்கு வேல இல்ல. நீங்களே பாத்து எடுங்க."

அறிவரசன் புவனேஸ்வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபம் முகத்தில் ஏறியது. பிரேம்குமார் இரண்டு காதையும் மூடிக்கொள்ளத் தயாரானான். ஆனால் வெடிக்க வேண்டியது வெடிக்கவில்லை. எங்கோ நடுவழியில் வேறு எதன் மேலோ மோதி நின்றுவிட்டதுபோல் இருந்தது. அவர் ஹெட்போனைத் தள்ளினார்.

"இது என்னுது இல்ல."

"நல்லாப் பாருங்க தோழர்," என்றார் ஆண்டவர். "இப்பத்தான உங்களுதுன்னீங்க."

"இப்பத்தான் நல்லாப் பாத்தேன். என் வூட்டுப் பொருள் கோயில் வாசப்படி மிதிக்காது." ஒவ்வொரு சொல்லையும் மேடையில் பேசுவதுபோல் சொன்னார், ஆனால் குரல் மேடைக்குக் காணாது. தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். "போலீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவன் பொருள அவன்கிட்ட கொடுங்க."

கமலவேணி கொடுத்தாள். உத்திராபதி அதை வாங்கிக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றான். "அண்ணே, நீங்களே வச்சுக்..."

"அண்ணங்கிண்ணன்னா செருப்பு பிஞ்சிடும். நீ இன்னும் எனக்கு ஆவாதவன்தான். எடுத்துக்கிட்டு எறங்கு."

அவன் பைக்குள் வைத்தான். புவனேஸ்வரி கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே காபியை எடுத்துவந்தார். உத்திராபதி படி இறங்கி, செருப்பில் காலை நுழைத்தபோது, அறிவரசன் எழுந்து கடை வாசல் வரை வந்துவிட்டார்.

"டேய்."

அவன் திரும்பினான்.

"பிளேன்ல அதப் பெட்டியில போட்டு அனுப்பித் தொலைக்காத. குளுருல மரம் வாய் பொளந்துடும். கழுத்துல மாட்டிக்கிட்டுப் போ. அங்க ஏசி ரூம்ல வச்சா, மாசம் ஒருக்காத் துணியில ஒரு சொட்டு எண்ணயத் தொட்டுத் தொடச்சு வுடு. ரெண்டு சொட்டு வச்ச, கெட்டுது."

உத்திராபதி தலையாட்டினான். பையைத் தோளிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நடந்தான்.

"எப்புடித் தோழர் உங்களுக்கு அந்த மரத்தப் பத்தி இவ்ளோ தெரியுது?" என்றார் ஆண்டவர்.

அறிவரசன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, தெருமுனை திரும்பும் வரை அந்தத் துணிப்பையைப் பார்த்தார்.

"பொதுவாச் சொன்னேன்," என்றார்.